ஒரே குழியில் கிடந்தவர்கள்

யுத்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன்பு, ஆமத்தூருக்கு மேற்கே பருத்திக்காட்டில் ஒரு குண்டு விமானம் தீப்பிடித்து விழுந்தது. அதிலிருந்த வெள்ளைக்காரர்களும், பருத்தி எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்து செத்தார்கள். யார் எவர் என்று தெரியாதபடி எரிந்துபோனதால், எல்லாரையும் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்தார்களாம்.

கல்லறைத் திருநாளன்று அந்தக் குழிமேட்டில் நல்ல கூட்டம் கூடும். நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். செத்தவர்களில் இந்துக்களும் உண்டு. அவர்கள் வீட்டார் சோறும் கருவாட்டுக் குழம்பும் படைப்பார்கள். வெள்ளைக்காரனுக்குச் சோறு இறங்காது என்று விருதுநகரில் பன் வாங்கி வந்து ஓரமாக வைப்பார்கள். சாமியார் தலை மறைந்ததும் அதைப் பிள்ளைகள் நாங்கள் காலி பண்ணிவிடுவோம். என்னைப் பொறுத்தவரை செத்தவர்களிலேயே நல்லவர்கள் அந்த வெள்ளைக்காரர்கள்தான்.

முதல் ஆளாகப் போய்ச் சுண்ணாம்பு அடிப்பவள் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. விமானம் விழுந்த அன்று காட்டுக்குப் போன மாமா வீடு திரும்பவில்லை. ஆனால் சிலோனுக்குப் போய்விடுகிறேன் என்று அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். கொழும்பில் அவர் சாடையில் ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொன்னதும் உண்டு. அத்தை குழிமேட்டிலும் பூப் போடுவாள், தன் தலையிலும் பூ வைத்துக்கொள்வாள். ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மிச்சப் பூ என் சடைக்கு வந்ததால் எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஜீப் வந்தது. யுத்தத்தில் செத்த சிப்பாய்களுக்கென்று மதராசில் தனிக் கல்லறைத் தோட்டம் போட்டிருக்கிறார்களாம். தங்கள் ஆட்களைத் தோண்டி எடுத்துப்போக ஓர் அதிகாரியும் டாக்டரும் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாதான் அவர்கள் இங்கிலீஷுக்கு மொழிபெயர்ப்பு.

அத்தை ஓடிப்போய்க் குழிமேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"செத்தவுகளை எதுக்கு எழுப்புறீக? மம்பட்டி படக்கூடாது" என்றாள்.

"பெத்தவுக கேக்காகளாம் தாயி" என்றார் அப்பா.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "எங்க வீட்டுக்காரரு எலும்பு எதுன்னு மொதல்ல காட்டச் சொல்லுங்கண்ணே. காட்டிட்டு மத்ததை அள்ளிட்டுப் போகட்டும்" என்றாள். அதோடு விடாமல் அவள் திட்டித் தீர்த்ததையெல்லாம் அப்பா இங்கிலீஷில் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். முடியாது என்று சொல்வார்கள் என்றுதான் அத்தை நினைத்திருக்க வேண்டும். டாக்டரோ, பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டார். அவளுக்கு எழுந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் முழுக்க அத்தை கட்சி. மாமாவைக் கண்டுபிடித்தால் நமக்கு ஜெயம், இல்லாவிட்டால் அவர்களுக்கு ஜெயம் என்று அந்த வழக்கைப் புரிந்துகொண்டு, வெயிலென்று பாராமல் நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் ஒரு கால் எலும்பை எடுத்துக் காட்டினார். எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடிய எலும்பு. விமானத்தில் ஏறுகிறவனுக்கு இப்படிக் கால் இருக்காது என்றார். அப்பா அதை அப்போது யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை; எனக்கே பின்னால்தான் சொன்னார். மாமா சின்ன வயதில் பாரவண்டிச் சக்கரம் ஏறிக் கால் ஒடிந்தவர். அவர் சாய்ந்து சாய்ந்து நடப்பது ஊருக்கே தெரியும்.

"மச்சான்தான்" என்றார் அப்பா, மெதுவாக.

அத்தை வெளியே உடைமரத்தடியில், குழியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"அத்தே, மாமா கெடச்சிட்டாரு! நாமதான் ஜெயிச்சோம்!"

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "அய்யோ, இம்புட்டு வருசமும் இங்கனயேவா கெடந்தீக" என்று கத்தினாள்.

அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. கேட்டது கிடைத்தாயிற்று, மாமா இனி நம் ஊரிலேயேதான் இருப்பார், பிறகு என்ன அழுகை? சந்தோஷத்தில் அழுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு, மாமா கிடைத்துவிட்ட சேதியை மற்ற வீடுகளுக்கும் சொல்ல ஓடினேன்.