நயினாதீவில் ஒரு கரிக்கோச்சி

நயினாதீவுத் திருவிழாக் கடைகளுக்குப் பின்னால், பூவரச மரங்களைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அதில் இடுப்பளவு உயரமான நீராவி எஞ்சின் ஒன்று குட்டிப் பெட்டிகளோடு நிற்கிறது; எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்போம், இது கரிக்கோச்சி. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் கிட்டப் போனால், உண்மையான புகை கண்ணைக் கரிக்கிறது. சின்ன வயதில் ரயிலின் யன்னலோரம் இருந்து இதே புகைக்குக் கண்ணைக் கசக்கியிருக்கிறேன்.

ஓட்டுபவர் ஊர்காவற்றுறைக்காரர், தலை நரைத்தவர். காய்ந்த பனங்கொட்டைகளை அடுப்பில் திணிக்கிறார்.

“மோட்டர் பூட்டினால் சுகம்தானே, அண்ணை?” என்று கேட்கிறேன்.

“சுகம்தான். ஆனா மோட்டர் கூவாதே, தம்பி.”

கஷ்டம் விறகில் இல்லை, தண்ணீரில். தீவின் உவர்த்தண்ணீரை ஊற்றினால் கொதிகலனில் உப்புப் படிந்துவிடும். அதனால் இங்கே காசுக்கு ரிக்கற் கிடையாது. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கவே அளந்து வார்க்கிற ஊரில், தாய்மார் முகம் சுளிக்காமல் ஊற்றிப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்.

ஒரு பெண் மட்டும் தனியே வருகிறார். செம்பைக் கவிழ்த்துவிட்டு, கடைசிப் பெட்டியில் முழங்காலை மடக்கி உட்காருகிறார்.

“எங்கை அக்கா போறியள்?” ஓட்டுபவர் சிரித்துக்கொண்டே பகிடியாகக் கேட்கிறார்.

“கொழும்புக்கு. மகன் அங்கைதான். சண்டையிலை தண்டவாளம் போனதாலை யாழ்ப்பாணத்திலையிருந்து இப்ப கோச்சி ஓடுறேல்லையே.”

எஞ்சின் கூவிப் புறப்படுகிறது. சுற்று முடிந்ததும் பிள்ளைகள் குதித்து இறங்குகிறார்கள். அந்த அக்கா அசையவில்லை.

“கொழும்பு இன்னும் வரேல்லை,” என்கிறார்.

ஓட்டுபவர் சிரிக்கவில்லை. தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து எஞ்சினில் ஊற்றுகிறார்.