காட்டும் விலாசம்

பதுளையில் ஒரு கல்யாணத் தரகருக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் நான். எந்தச் சோதிடராலும் முடியாத வேலை ஒன்றையும் செய்து காட்டினேன். ஏகப்பட்ட பெண்களுக்கு ஒரே காலையில் செவ்வாய் தோஷம் கொடுத்தேன்.

அந்தத் தளம் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பிரேம்வேர்க்கின் மேல் ஓடியது. யாரோ முன்பின் தெரியாத புண்ணியவான்கள் கட்டி வைத்த சட்டகம் அது. அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டு நானே கட்டினேன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை, அடிக்கடி அப்டேட் அனுப்புவார்கள். அப்படி ஒன்றைப் போட்ட அன்று ஜாதகக் கட்டத்தில் கிரகங்கள் எல்லாம் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்துகொண்டன. லக்கினம் மட்டும் நகரவில்லை. ஆறில் நிம்மதியாக இருந்த செவ்வாய் ஏழுக்கு வந்துவிட்டது.

தரகர் என்னைக் கதிர்காமக் கந்தன் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்.

“இனிமே அப்டேட்டு கிப்டேட்டுன்னு ஒண்ணும் போடாதீங்க தம்பி. நல்லா ஓடுற சாமான ஏன் நோண்டுறீங்க?”

தேயிலைத் தோட்டத்திலிருந்து பதிகிறவர்கள், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் விலாசத்தை வெளியே காட்ட மாட்டார்கள். டவுனில் சித்தப்பா வீடு, மச்சான் கடை, அதுவும் இல்லையென்றால் மொட்டையாகப் ‘பதுளை’. ஆனால் தரகர் கடிதம் போட வேண்டுமே. அதனால் இரண்டு கட்டம் வைத்தேன். ஒன்று ‘காட்டும் விலாசம்’, மற்றது ‘உண்மை விலாசம்’. இரண்டாவதைத் தரகர் மட்டும் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கலாம். அந்தத் தலைப்புகளுக்காக அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்காவையும் நான்தான் பதிந்தேன். பதுளையில் டீச்சர், வயது முப்பத்துமூன்று. நாங்கள் அம்மாவோடு ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். “உள்ளதையே போடு” என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டுக் காட்டும் விலாசத்தில் ‘பதுளை டவுன்’ என்று தட்டினேன். பண்டாரவளையில் ஒரு வரன் அமைந்தது. ஜாதகம் பொருந்தியது. அக்கா அவருடைய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெண் பார்ப்பதை வீட்டில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை டவுன் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் புண்ணியவான்களிடமிருந்து மெயில் வந்தது. பிரேம்வேர்க்கில் ஓட்டையாம், உடனே அப்டேட் செய்ய வேண்டுமாம். வருகிறவன் ‘என்னை உள்ளேயே சோதித்தாயிற்று’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் போதும், பாஸ்வேர்ட் கேட்காமலே பூட்டு சலாம் போட்டுத் திறந்துவிடும். எங்கள் தேயிலை பெக்டரி வாச்சர் படிக்காதவர்தான். அவர்கூடப் பையைத் திறந்து பார்க்காமல் ஒருவரையும் விட்டதில்லை.

தரகரிடம் சொன்னேன். அவர் கந்தன் படத்தைக் கையால் காட்டினார். நானும் வற்புறுத்தவில்லை. அக்காவின் செவ்வாய் நகர்ந்துவிட்டால்? ஞாயிறு முடியட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அந்த ஓட்டை வழியாக வெளியே போன எங்கள் பதிவுப் பட்டியல் முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. இரண்டு விலாசமும் பக்கத்துப் பக்கத்தில், நான் வைத்த அதே தலைப்புகளோடு. யாரோ சிரிக்கிற முகங்களும் சேர்த்திருந்தார்கள். அப்போதுதான் அப்டேட்டைப் போட்டேன். கால் மணி நேர வேலை. செவ்வாய் அசையவே இல்லை.

மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா பேசினார். அக்காவும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

“நாங்களும் லயத்துல பொறந்து வளந்தவங்கதான் தம்பி. சொல்லியிருந்தா லயத்துக்கே வந்து பொண்ணப் பாத்திருப்போம். பொய் சொல்ற வீட்டுல எப்பிடிங்க சம்பந்தம் வைக்கிறது?”

பொய் என்னுடையது, அக்காவுடையது இல்லை என்று நான் சொல்லத் தொடங்குமுன் போனை வைத்துவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

“சைட்ட சரி பண்ணிட்டியா?” என்றாள்.

“பண்ணிட்டேன்க்கா.”

“அப்ப என் விலாசத்தையும் சரியாப் போடு. எல்லாரும் பாக்குற கட்டத்துல.”

லேப்டாப்பைத் திறந்தேன். அவள் என் பின்னால் வந்து நின்றுகொண்டு, லய நம்பர் வரைக்கும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். முதல் தடவை பதிந்தபோது அவள் அப்படி நிற்கவில்லை.