கடிபட்ட அரியதரம்

1931ஆம் ஆண்டு ஆவணி மாதம் பத்தாம் திகதி, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சாத்திரியார் குறித்துக் கொடுத்த நேரமாகையால் பிசகாமல் நினைவிருக்கிறது. அந்த நிமிடத்தில்தான் கோப்பாயில் எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா எண்ணெய்த் தாச்சியை ஏற்றினார். மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்குப் போகும் அண்ணன் கப்பலில் தின்பதற்குப் பலகாரம். பெரிய பிஸ்கற் தகரம் நிறையப் பயத்தம் பணியாரம், முறுக்கு, அரிசிமாவும் சர்க்கரையும் பிசைந்து சுட்ட, அவனுக்கு உயிரான அரியதரம்.

"கப்பல் குசினியிலை மாடும் மரக்கறியும் ஒரே சட்டிதான். செத்தாலும் அதிலை கை வையாதை" என்றார் அம்மா.

"அப்ப, செத்தாப் பிறகு வைக்கலாமோ அம்மா?"

"வாயைக் கழுவடா!"

எனக்கு இட்ட கட்டளை வேறு. "கப்பலுக்குப் போற பண்டமடி. எச்சில் பட்டால் பயணம் பிசகிப் போம்."

எனக்கு வயது ஏழு. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் ஓர் அரியதரத்தைக் கடித்தேன். உடனே பயம் பிடித்துக்கொண்டது. கடிபட்டதை முறுக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

மூன்றாம் நாள், யாழ்ப்பாண ஸ்டேசனில் ரயிலேறிய அண்ணன், முறுக்கொன்று எடுக்கத் தகரத்தைத் திறந்து, அடியில் கிடந்ததைக் கண்டு சிரித்துவிட்டான். யன்னலுக்கு வெளியே குனிந்து என் காதுக்குள், "முன்பல்லில்லாத எலி ஒண்டு எங்கடை வீட்டிலை திரியுது போலை" என்றான். அம்மா திரும்புமுன் மூடியை அழுத்திவிட்டான்.

மூன்று வாரம் சென்று, அவனுடன் போனவர் எழுதிய கடிதத்தை எங்கள் ஐயா வாசித்தார். அண்ணனுக்குக் கப்பலில் கடுங்காய்ச்சல். நாலு நாளும் கப்பற்கஞ்சியைத் தொடவில்லை. தகரத்தில் இருந்ததையே தின்றார். "தம்பி தவறிவிட்டார். கடலில் இறக்கினோம்."

"நானெல்லோ சொன்னனான்! நானெல்லோ சொன்னனான்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் சிலேட்டுக்குச்சி தவறும், ஆட்டுக்குட்டி தவறும், தேடினால் கிடைக்கும். அண்ணனும் கடலில் வழி தவறிவிட்டான் என்றே எண்ணினேன். காரணம் என் எச்சில். அம்மா அழுதது என்னை நோக்கித்தான்.

கடிதம் வந்த எட்டாம் நாள், இறந்தவருக்கு விருப்பமானவற்றைச் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவு. மறுபடியும் தாச்சி ஏறியது. மறுபடியும் அரியதரம். "படைக்க முந்தி ஒருதரும் வாயிலை வையாதேங்கோ" என்றார் பெரியம்மா. அதே கட்டளை! நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பொழுதுபடும் வேளையில் ஐயா படையலில் ஒரு பங்கைச் சுளகில் எடுத்துப்போய்த் தெருச்சந்தியில் வைத்தார். வழி தவறியவனுக்கு உணவைச் சந்தியில் வைப்பது எனக்கு மிகச் சரியாகவே பட்டது.

அம்மா அன்றும் கஞ்சியைத் தொடவில்லை. அவர் "சொன்னனான்" என்றது எனக்குச் சொன்னதையல்ல, "செத்தாலும் கை வையாதை" என்று அண்ணனுக்குச் சொன்னதை என்பது விளங்கப் பல வருடங்கள் சென்றன. அதுவரை அந்த வீட்டில் குற்றவாளி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை, எனக்குக் கிடைத்த அரியதரத்தை முழுதாக எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். சுளகு வெறுமையாகக் கிடந்தது. அண்ணன் கிட்டத்தில் எங்கோ வந்துவிட்டான். அரியதரத்தைச் சுளகின் நடுவில் வைத்தேன்.

"அண்ணை, இதை நான் கடிக்கேல்லை" என்று வெறுந்தெருவைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.