ஒரு மாட்டுக்கு ஊர்வலம்

என் அப்பா வட்டை விதானை ஆன அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். அம்மா மட்டும் குடிக்கவில்லை. அப்பாவிடம் தோற்றவர் அவளுடைய அண்ணன், என் பெரியமாமா. வட்டை என்கிற ஊர் வயல் முழுவதற்கும் அதுவரை அவர்தான் விதானை. எப்போது விதைப்பது, யாருக்கு முதலில் தண்ணீர், எந்த நாளுக்குள் மாடுகளை வட்டையை விட்டு வெளியேற்றுவது என்று சொல்கிறவர்.

மாமா சொன்னார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் எதையும் அதட்டிச் சொன்னதில்லை. மாடுகளை வயலிலிருந்து கலைத்துக் காட்டோரம் ஓட்டுகிற நாளில் ஊரிலுள்ள மாட்டையெல்லாம் ஒன்றாய்ச் சேர்த்து, கம்பில் வெள்ளைச் சீலை கட்டி, முன்னுக்குத் தானே நடப்பார். பயந்தவர்களுக்குப் பகிடி சொல்வார். பாட்டும் படிப்பார், கேட்கச் சகிக்காது. சண்டை நடந்த அந்த நாட்களில் காட்டோரத்து மேய்ச்சல் தரைக்கு எவரும் தனியே போவதில்லை. மாமாவோடு மட்டும் கிழவிகள்கூட வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆனால் எல்லோரும் வந்து சேரும்வரை அவர் காத்திருப்பார். அதில் மூன்று நாள் போய்விடும். முந்திய வருடம் விதைப்பு பிந்தி, விதையை மழை அள்ளிக்கொண்டு போனது. "சிரிச்சுச் சிரிச்சு ஊர நடத்தேலா" என்று கூட்டத்தில் அப்பா எழும்பிச் சொன்னார். கைகள் உயர்ந்தன. மாமாவும் சிரித்துக்கொண்டே சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்பா ஒரே சொல்லாய்ச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாடும் வட்டையில் நிற்கக்கூடாது, அவரவர் மாடு அவரவர் பொறுப்பு. ஊர் நடுங்கியது. எனக்கு ஒன்பது வயது, விதானையின் மகள் என்ற தலைக்கனம் வேறு. வேலி வேலியாய்ப் போய் எந்த வீட்டு மாடு இன்னும் நிற்கிறது என்று பார்த்து வந்து அப்பாவிடம் சொல்வதை என் உத்தியோகமாக்கிக்கொண்டேன்.

"அப்பா, மாமிர மாடு இன்னும் நிக்கிது."

மாமி என்றால் மாமாவின் மனைவி இல்லை, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. புருசன் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரு பசு, ஒரு சின்னப் பையன், அவ்வளவுதான் அவளுக்கு. அந்தப் பசுவின் பாலில்தான் எனக்கும் தினம் ஒரு செம்பு வந்தது. அதைக் குடித்த வாயால்தான் சொன்னேன்.

அப்பா வேலியடியில் நின்று சத்தம் போட்டார். மாமி தலையில் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஓமண்ணே, ஆரும் போகக்குள்ள சேந்து போவம் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கன்."

"ஒரு மாட்டுக்கு ஊர்வலமா கேக்குது உனக்கு? நாளைக்கு விடிய இது இஞ்ச நிக்கப்படா."

சத்தம் கேட்டு மாமா வந்தார். "மச்சான், ரெண்டு நாள் பொறுங்க. நான் கூட்டிப் போறன்."

"இப்ப விதானை நான்" என்றார் அப்பா. எனக்கு அப்போது பெருமையில் நெஞ்சு நிறைந்தது. இதை எழுதும்போது வெட்கமாயிருக்கிறது.

மாமி விடியுமுன்னரே மாட்டைப் பிடித்துக்கொண்டு தனியே போய்விட்டாள். மத்தியானம் காட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. சுட்டது யார் என்று எங்கள் ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மாமா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வெள்ளைச் சீலையோடு போய், பொழுது சாய்வதற்குள் அவளைத் தூக்கி வந்தார். மாமியின் பையன் அன்றிலிருந்து மாமா வீட்டில் வளர்ந்தான்.

பத்தாம் நாள் பசு தானாகவே திரும்பி வந்தது. அறுந்த கயிறு இழுபட, எங்கள் வயலுக்குள் நின்று முளையை மேய்ந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா வரம்பில் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர எழும்பவில்லை. ஒரு மாட்டைக் கலைக்க ஏலாதவர் என்ன விதானை என்று எனக்குக் கோபம் வந்தது. கம்பெடுத்து நானே அடித்துத் துரத்தினேன்.

அந்த வருடம் விதைப்பு பிந்தவில்லை. நெல் நன்றாய் விளைந்தது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் அப்பாவையே கேட்டார்கள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையாய்க் கைகள் உயர்ந்தன. பின்னால் நின்ற நானும் எக்கி என் கையை உயர்த்தினேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் மாமியின் பையன் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னப் பிள்ளைக்கு ஏது கையென்று ஏதாவது பகிடி விடுவார், எல்லோரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. தோற்றுப்போன கோபம் மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்து, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.