ஃபிளாஸ்கில் வந்த கடைசி பிஸ்தா

இன்று காலை காலி ஃபிளாஸ்கின் மூடியைத் திருகியதும் எழுந்த பழைய காபி வாடையில், கோல் மார்க்கெட்டின் அந்த ஐஸ்க்ரீம் கடைக்குள் மறுபடியும் சிறுவனாகப் போய் நின்றேன். இரும்பு நாற்காலிகளின் சில்லிப்பும் ரோஜா எசென்ஸ் மணமும் ஃப்ரீஸரின் ஓயாத உறுமலுமாக இருந்த அந்தக் கடையை நிரந்தரமாக மூடிய ஜூன் மாத நாளில், தங்கை உமா அம்மை போட்டு ஜனக்புரி வீட்டில் வேப்பிலைமேல் படுத்திருந்தாள். "எனக்கு பிஸ்தா கொண்டு வராட்டா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று அழுதிருந்தாள்.

கடைக்கார சர்தார்ஜி கடைசி பிஸ்தாவை அப்பாவும் நானும் கொண்டுபோன காபி ஃபிளாஸ்கில் வழித்துப் போட்டு, "ஜல்தி, பேட்டா, ஜல்தி" என்று விரட்டினார். "வீடு போற வரைக்கும் திறக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்ற அப்பா, பஸ் கூட்டத்தில் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டார். ஜன்னல் வழியே அனல்காற்று அறைய, ஃபிளாஸ்கை நெஞ்சோடு அணைத்தபடி, உருகிவிட்டதோ உருகிவிட்டதோ என்ற பதைப்பில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூடியைத் திறந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது இளகியது, இளக இளக இன்னும் பார்த்தேன்.

வீட்டில் டம்ளரில் சாய்த்தபோது வெளிர்பச்சையாகப் பால்தான் விழுந்தது.

"ஃபிளாஸ்க் கெட்டுப்போச்சு, நீ என்னடா பண்ணுவ" என்று அப்பா என் தலையைத் தடவினார்.

உமா கொஞ்சம் குடித்துவிட்டு, "அண்ணா, பாதி உனக்கு" என்று டம்ளரை நீட்டினாள். ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா பிடுங்க வருவதற்குள் மடமடவென்று குடித்தேன். எனக்கும் அம்மை வரட்டும் என்று வேண்டிக்கொண்டே குடித்தேன்.