நல்ல நிலையில் உள்ள நான்கு மெஷின்கள்

அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மெஷின்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் பெயர் பெரிய டாக்டருக்கே சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நாடு இலவசமாகத் தந்த நான்கு மெஷின்களையும் அவர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார். செவ்வாயும் வெள்ளியும் இரண்டாவது மெஷினில் படுப்பது அவருடைய சொந்த அக்கா.

இந்தக் கடலோரத்தில் அந்தப் பெரிய நாட்டின் கை ஓங்கியிருப்பது, புதிதாக வளர்ந்து வரும் இன்னொரு நாட்டுக்குப் பொறுக்கவில்லை. அக்கம்பக்கத்து ஏழு நாடுகளைச் சேர்த்து அது ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. சேர்ந்தால் துறைமுகம், சாலை, ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின். இந்த நாட்டு அமைச்சர்களும் வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டமைப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. பழைய மெஷின்களின் நிலை என்ன? மெஷின்காரர் ரோஷக்காரர். தன் கை பட்ட மெஷினைப் பழுது என்று எழுத அவருக்கு மனம் வருமா? நான்குக்கும் நேராக 'மிக நன்று' என்று எழுதி அடிக்கோடும் இட்டார். புது மெஷின்கள், பழுது என்று எழுதிக் கொடுத்த துறைமுக ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன.

போனால் போகட்டும் என்றுதான் இருந்தார். ஆனால் கூட்டமைப்பில் சேர்ந்ததற்காகப் பெரிய நாட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம். சத்தம் போடாமல், மாதாமாதம் அனுப்பிய ரத்த வடிகட்டிகளை மட்டும் நிறுத்திக்கொண்டது. அந்த மெஷினில் வேறு நாட்டு வடிகட்டி எதுவும் பொருந்தாது.

மெஷின்காரர் தலைநகரில் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார்.

"நீங்கதானே நல்லா இருக்குன்னு எழுதினீங்க?" என்றார் அதிகாரி.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். வடிகட்டிதான் இல்ல."

"படிவத்துல அதுக்கு இடமே இல்லையே. அடுத்த வருஷம் மறுபடி கேப்பாங்க, அப்போ பாப்போம்."

துறைமுக ஊரின் புது மெஷின்களுக்கோ ஏற்கெனவே நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். இரண்டு நாடுகள் மல்லுக்கட்டும்போது, கையில் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் யார் வாசலில் போய் நிற்பார்? தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வழக்கம்போலப் படுத்துக் கையை நீட்டினார்.

"என்னடா பாத்துட்டே நிக்கிற?"

"வடிகட்டி தீந்துடுச்சுக்கா."

அக்கா நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் மடக்கவில்லை. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"சரி, உன்னத் திட்டி என்ன ஆகப்போகுது. வெள்ளிக்கிழமை வரட்டுமா?"

வெள்ளிக்கிழமையும் வடிகட்டி இருக்காது என்று மெஷின்காரருக்குத் தெரியும்.

"வாக்கா," என்றார்.