ஸ்டார்ட் பண்ணினால் சந்தன வாசம்

இன்று காலை ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டு மகள் காரடிக்கு வந்தாள். ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, கண்ணாடியில் ஒரு பொட்டு. பிறகு, "பொனட்ட தொறக்கவாப்பா?" என்றாள். "வேணாம்மா, வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கிண்ணத்தைக் கீழே போடப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன், சிரிப்பதென்றால் மெதுவாகச் சிரியுங்கள்.

அப்போது நான் கண்டிப் பக்கம் வத்தேகமவில் ஹயர், அதாவது வாடகைக் கார், ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. நிறம் வெள்ளை என்று அதன் புத்தகத்தில் இருந்தது. வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் எனக்குச் சோறு போட்டது அதுதான். அந்த வருட ஆயுத பூசைக்கு அதைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொனட்டைத் திறந்து உள்ளேயும் ஓர் இடம் விடாமல் பொட்டு வைத்தேன். வெளியே வைத்தால் மழை கழுவிவிடுமே என்ற யோசனை. எனக்கு யோசனை வந்தால் அநேகமாகச் செலவுதான்.

கிழமைதோறும் வரும் என் ஹயரில் பெரியது மடவளை ஹாஜரா டீச்சர். ஓய்வு பெற்றவர், வீட்டில் தனியாக இருந்தார், மகன் டோஹாவில். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால் வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எட்டு மணிக்கு அவருடைய முறை. பிந்தினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும், கால் வீங்கும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பூசை முடிந்து நாலைந்து நாளில் கார் சேட்டையைத் தொடங்கியது. திறப்பை, அதுதான் சாவியை, திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் போட்டால் ஹோர்ன் முனகும். இடப்பக்கம் சிக்னல் போட்டால் மழையே இல்லாமல் வைப்பர் தலையாட்டும். ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் கமகமவென்று சந்தன வாசம்! காரில் சாமி குடியேறிவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருந்த றிஸ்வான் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கார் வயரிங்கில் கெட்டிக்காரன். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைக் கட்டி வைத்துக்கொண்டு அங்கே தொடுவான், இங்கே தொடுவான். பற்றரி நல்லது. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தான், அதுவும் நல்லது. இரண்டு தடவை பார்த்தும் பிடிபடவில்லை. இதற்கிடையில் டீச்சரின் மகன் போன் எடுத்து, "அந்தக் காரை விடுங்க உம்மா, உசிரோட வெளையாட ஏலா" என்றிருக்கிறார். டீச்சரே அதை என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் வலித்தது.

டீச்சரை ஏற்றிப்போன அடுத்த பயணத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கார் நின்றே விட்டது. ஐப்பசி மழை. மணி ஏழேகால். வந்த ஆட்டோவெல்லாம் ஆட்களோடு வந்தன. நான் போன் போட்டதும் றிஸ்வான் கராஜிலிருந்து குடையும் இல்லாமல் ஓடிவந்து பொனட்டைத் தூக்கினான்.

"இன்னொருக்கா அடி மச்சான்."

அடித்தேன். 'டக்'. வாசம் எழுந்தது.

"என்ன மணம் இது?"

"அது சாமி வாசம்டா."

"சாமி ஏன்டா ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் வாராரு?"

அவன் பற்றரியின் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது கார் உடம்பில் முடுக்கியிருந்த இடத்தில் நிறுத்தி, விரலை வைத்து, சுட்டு, உதறினான். அந்தப் போல்ட்டின் தலையில் என் குங்குமப் பொட்டு.

"இதத்தான் நா ரெண்டு தரமும் தொடாம உட்டேன். பொட்டு வெச்ச எடம், நா கைவெச்சா நீ ஒரு மாதிரி நெனப்பியோன்னு. மச்சான், கழட்டவா?"

தலையாட்டினேன். கழற்றினால், வயருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நகக்கனம் காய்ந்த சந்தனம். பக்தி முற்றி, போல்ட்டைக் கழற்றி உள்ளே அப்பி முடுக்கியவன் நானேதான். ஈரமாக இருந்தவரை கரண்டுக்கு வழி விட்டிருக்கிறது, காய்ந்ததும் மறித்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. றிஸ்வான் சுரண்டி, துடைத்து, முடுக்கினான். முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது. பிறகு கொஞ்சம் சந்தனத்தை மழைத்தண்ணீரில் நனைத்து, பொனட்டின் உள்பக்கத்தில் அவனே ஒரு பொட்டு வைத்தான்.

"இங்க இருக்கட்டும். கரண்டு போற எடத்துல வேணாம்."

பின் சீட்டில் டீச்சர் சிரித்துச் சிரித்து இருமினார். "ஒத்தன் பக்தில அடைச்சான், ஒத்தன் மரியாதைல தொடல்ல. நடுவுல நா உசிரு போய் மௌத்தாகப் பாத்தேனே மகன்!"

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரியில் இறக்கினேன். டோஹா மகன் சொல்லியும் அவர் வேறு கார் தேடவில்லை. அதன்பின் நாலு வருடம் என் காரில்தான் வந்தார். ஒவ்வொரு முறையும் ஏறி, குடையை மடித்து வைத்துவிட்டு, நான் திறப்பைத் திருப்புமுன் கேட்பார்: "மகன், சந்தனம் இல்லையே?" "இல்ல டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுவேன்.

டீச்சர் போய்விட்டார். றிஸ்வான் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான். அந்தக் காரை விற்ற அன்றும் பொனட்டின் உள்ளே அவன் வைத்த பொட்டின் தடம் இருந்தது. என்னை நம்பி அமர்ந்திருந்தவருக்கும், என் சாமியை என்னைவிடப் பக்குவமாக நடத்தியவனுக்கும் நான் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதேயில்லை. இப்போதாவது சொல்கிறேன்.

புதுக் காருக்குத் திறப்பு கிடையாது, பொத்தான்தான். கோளாறு என்றால் அதுவே விளக்குப் போட்டுக் காட்டும். காலையில் பூசை முடிந்து பொத்தானை அமுக்கப்போன விரல் கொஞ்சம் நின்றது. பின் சீட்டிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இல்ல டீச்சர்" என்றேன்.